காய்ச்சல் இல்லாத வீட்டில் ரொட்டி

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பதினைந்து. முதலில் கண்ணில் பட்டது, நெருப்பு இருக்கக் கூடாத இடத்தில் இருந்த நெருப்பு. அடுப்புக்குள் விறகு எரிந்துகொண்டிருந்தது; அது வழக்கம். அடுப்பின்மேல் இருந்த இரும்புச் சட்டியைப் பழைய தாம்பாளம் ஒன்றால் மூடி, அந்தத் தாம்பாளத்தின் மேலும் ஏழு கொட்டாங்கச்சித் துண்டுகளைக் கனலாக அடுக்கியிருந்தாள் சித்தி. கீழேயும் தீ, மேலேயும் தீ. நடுவில் என்ன என்று தெரியவில்லை.

மணியை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. நான்காம் வகுப்பு முடித்ததற்காக அப்பா கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தார். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் எதைப் பார்த்தாலும் உடனே மணியையும் பார்த்து, ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தேன். பேருந்து வந்த நேரம், மாடு தண்ணீர் குடித்த நேரம், மாமா குளித்து முடிக்க ஆகும் நேரம்.

வீடு அம்மாவின் பிறந்த வீடு. சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போகும் சாலையில் இருந்தது ஊர். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டமாகியிருக்கவில்லை. பாட்டி இறந்த பிறகு வீட்டில் தாத்தா, மாமா, சித்தி மூவர்தான். தாத்தா கரும்பும் மரவள்ளியும் வைத்திருந்தார். மாமா சங்கராபுரத்தில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு இளைய தங்கையான சித்தி, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள். சமையலறை அவள் கையில் இருந்தது.

"உள்ள இன்னா இருக்குது?" என்றேன்.

"ரொட்டி."

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

இந்தக் கேள்வியை நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ரொட்டி என்பது சாப்பாடு அல்ல, சிகிச்சை. காய்ச்சல் வந்தால் சங்கராபுரம் பேக்கரியில் ஒரு பாக்கெட் வாங்கி வருவார்கள். பாலில் தொட்டுத் தருவார்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் ரசம் சோறு. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒரு ரொட்டிப் பாக்கெட், நான்கு சாத்துக்குடி. பேருந்தில் ஒருவர் மடியில் ரொட்டிப் பாக்கெட் இருந்தால் பக்கத்தில் இருப்பவர், "யாருக்குங்க?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். நல்ல உடம்போடு ரொட்டி தின்றவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

சித்தி ஊதுகுழலை எடுத்து ஊதினாள்.

ரொட்டிக்கான குறிப்பு கடைப் பொட்டலத்தில் வந்தது. துவரம்பருப்பு சுற்றி வந்த செய்தித்தாளில், ஒரு மூலையில், "வீட்டிலேயே சோடா ரொட்டி" என்று போட்டிருந்தது. மாவு, உப்பு, ஆப்ப சோடா, மோர். ஈஸ்ட் வேண்டாம், முட்டை வேண்டாம், ஊற வைக்க வேண்டாம். "மாவை வட்டமாகத் தட்டி, மேலே கத்தியால்" என்பதோடு தாள் கிழிந்திருந்தது. கத்தியால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதெல்லாம் வேறு யாருடைய பருப்போடோ போய்விட்டது. அந்தக் கிழிந்த பாதிதான் என்னை அடுப்படியிலேயே உட்கார வைத்தது.

முதல் ரொட்டி பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தது. மஞ்சளாக இருந்தது. சாப்பாட்டுக்கு வந்த மாமா ஒரு துண்டு வாயில் போட்டு, எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"இதுக்கு சோப்பையே கடிச்சிருக்கலாம். எத்தினி சோடா போட்ட?"

"ஒரு ஸ்பூன்தான் போட சொல்லிருக்குது."

"எந்த ஸ்பூன்? குழம்பு ஊத்தற ஸ்பூனா?"

நோட்டில் எழுதினேன்: "செவ்வாய். 45 நிமிடம். கசப்பு."

சித்தி ஏன் திடீரென்று ரொட்டி சுட ஆரம்பித்தாள் என்று நான் யோசிக்கவில்லை. அந்த வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த பெரிய விஷயம் வேறு. சித்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். களமருதூர்ப் பக்கம், நெல் விவசாயம், ஒரே பையன். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு அத்தை; மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடன்பிறந்த அக்கா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பூ வைத்துவிட்டுப் போவதாகவும், வைகாசி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்றும் பேச்சு. கல்லூரி ஆனியில் திறக்கும்.

சித்தி தாத்தாவிடம் ஒரே ஒரு முறை பேசியதை நான் கேட்டேன். தாத்தா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"ஒரு வருஷந்தாம்ப்பா. கடைசி வருஷம். முடிச்சிட்டா..."

"அவங்க வூட்ல படிக்க வெப்பாங்கன்னு சொல்றாங்களே."

"நாத்து நடவு, களையெடுப்பு, எல்லாத்துக்கும் வூட்டு ஆளு வேணும்னு அந்தம்மா எங்கிட்டயே சொல்லிச்சிப்பா. முட்டி வலியாம். இனிமே எல்லாம் நாந்தானாம்."

"நல்ல எடம் தேடி வரும்போது வுட்டுட்டா, அப்புறம் நாமதான் தேடிக்கினு போவணும்," என்றார் தாத்தா. கோபமாகச் சொல்லவில்லை. தவிட்டுக் கையோடு, ஒரு கணக்கை ஒப்பிப்பது போலச் சொன்னார். மாமாவும் அங்கேதான் இருந்தார், தாத்தா சொன்னதற்குத் தலையாட்டினார். தங்கை கல்யாணம் முடிந்தால்தான் அவருக்குப் பெண் பார்ப்பார்கள் என்பது எனக்கே தெரியும்.

இது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை ரொட்டி.

வியாழக்கிழமை இரண்டாவது ரொட்டி. இந்த முறை சோடா சரியாக இருந்தது. ஆனால் அடி கறுத்து, நடு வேகாமல் களியாக இருந்தது. நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாடு தின்றது.

"ஏன் நடுவுல வேகல?" என்று கேட்டேன். சித்தி சமையலில் சந்தேகம் கேட்டால் திட்டுகிறவள் அல்ல. கொஞ்ச நேரம் அந்தக் களியைக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளரில் பாதி மோர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டாள். மோர் சீறிக்கொண்டு எழுந்து, டம்ளரின் விளிம்பைத் தாண்டி வழிந்து தரையில் ஓடியது. நான் பின்னால் நகர்ந்தேன்.

"மோர்ல புளிப்பு இருக்குதா? சோடாவுக்குப் புளிப்பக் கண்டா ஆவாது. உடனே காத்து வரும். அந்தக் காத்துதான் மாவத் தூக்கும். காத்து வெளிய போறதுக்குள்ள மாவு வெந்துடணும். லேட் பண்ணா அப்புறம் கல்லுதான்."

"அப்ப கத்தி எதுக்கு?"

"அதான் யோசிச்சிக்கினு இருக்கறேன்."

அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டாள். மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழக் கீற வேண்டும். அந்தக் கீறல் வழியாகத்தான் நடுவுக்குச் சூடு போகும். தாளின் காணாமல் போன பாதியை, தாள் இல்லாமலே அவள் எழுதி முடித்தது எனக்கு ஒரு மந்திரவேலை போல இருந்தது. அடி கறுப்பதற்கு வேறு வழி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை வறுக்க வைத்திருந்த ஆற்று மணலை அந்தச் சட்டியிலேயே மூன்று விரல் உயரத்துக்குக் கொட்டி, அதன்மேல் மாவுத் தட்டை வைத்தாள்.

சனிக்கிழமை, பத்து நாற்பதுக்கு ஏற்றி, பதினொன்று இருபத்தைந்துக்கு இறக்கினாள். தாம்பாளத்தைத் தூக்கியபோது வந்த வாசனை அந்த வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. ரொட்டி நான்கு இதழாக விரிந்து, மேலே பழுப்பாக, விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலித்தது. நான் இரண்டு துண்டு தின்றேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே லேசான புளிப்பு.

மத்தியானம் சோற்றுக்குப் பதில் தானும் ரொட்டியே தின்றுவிட்டு, சித்தி ஒரு பெரிய துண்டை வாழை இலையில் வைத்து மடித்தாள்.

"எதிர்வூட்டு அத்தைகிட்ட குடுத்துட்டு வா, பாப்பா."

"இன்னான்னு சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாத. கேட்டா உள்ளதச் சொல்லு. பொய் சொல்லாத."

பக்கத்து வீட்டில் என் வயதுக்கு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பலகாரம் எது செய்தாலும் முதலில் அங்கேதான் போகும். அன்று அங்கே போகவில்லை. இதைக் கவனித்தேன். யோசிக்கவில்லை.

எதிர்வீட்டு அத்தை இலையைப் பிரித்தார். முகர்ந்தார்.

"ரொட்டியா? யாருக்கு ஒடம்புக்கு?"

"யாருக்கும் இல்ல, அத்தை."

"அப்ப யாரு துன்றது?"

"சித்திதான். மத்தியானம் சோத்துக்குப் பதிலா இதான் துன்னுச்சி."

"எத்தினி நாளா?"

"செவ்வாக்கெழமைலேந்து ரொட்டிதான் சுட்டுக்கினு இருக்குது."

அத்தை விரல் விட்டு எண்ணினார். "ஆமா, காலைல கொழாயாண்ட பாத்தேன். கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சி."

"அது பொகைங்க."

"பொகையா?" என்றார். "இருமறாளா?"

இருமினாள். அடுப்பை ஊதினால் யாருக்கும் இருமல் வரும். "இருமறாங்க," என்றேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

அத்தை ரொட்டியை வாயில் வைக்கவில்லை. இலையோடு மாடத்தில் வைத்துவிட்டு, என் தலையைத் தடவி, "பாவம், தாயில்லாப் பொண்ணு," என்றார். நான்கு கேள்வி, நான்கு பதில். இப்போது ஒரு செய்தித்தாளில் மற்றவர்கள் எழுதி அனுப்புவதைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. அன்று நான் சொன்னதில் திருத்த வேண்டிய தகவல் ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் ரொட்டி. மூன்று நாளும் ஒரு துண்டு எதிர்வீட்டுக்கு.

திங்கள்கிழமை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஆறு சாத்துக்குடியோடு வந்தார். சித்தியின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவளுக்குக் கழுத்து சுடத்தான் செய்யும்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றாள் சித்தி.

"சரி சரி. யார்கிட்டயும் சொல்லல," என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி.

செவ்வாய்க்கிழமை இளநீர் வந்தது. கோயில் பூசாரி விபூதி கொடுத்தனுப்பினார். மலையில் உறவு உள்ள ஒரு கிழவர் கொம்புத்தேன் கொண்டுவந்து, வெறும் வயிற்றில் சாப்பிடச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் சித்தி தனக்கு ஒன்றும் இல்லை என்றே சொன்னாள். சத்தமாக, தெளிவாக, சிரித்த முகமாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல வந்தவர்கள் முகத்தில் கவலை கூடியது. சாத்துக்குடியை நான் தின்றேன். தேனை ரொட்டியில் தடவித் தின்றேன். அவ்வளவு நல்ல வாரம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

புதன்கிழமை மாமா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். சைக்கிளை நிறுத்தாமல் சுவரில் சாய்த்தார், அது விழுந்தது.

"பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் கேக்கறான், தங்கச்சிக்கு எந்த ஆஸ்பத்திரில பாக்கறீங்கன்னு. இன்னாடி நடக்குது இந்த வூட்ல?"

"எனக்கு இன்னா தெரியும்? கேக்கறவங்ககிட்டல்லாம் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லிக்கினு இருக்கறேன்."

"ரொட்டிய நிறுத்து மொதல்ல!"

"நல்லா இருக்குதுன்னு நேத்து நாலு துண்டு துன்ன."

மாமா உண்மையிலேயே நான்கு துண்டு தின்றிருந்தார். நோட்டில் இருந்தது.

தாத்தா எதிர்வீட்டுக்குப் போய், பெண்ணுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, யாரோ கதை கட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டு அத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாராம். பெண்ணைப் பெற்றவரே எழுந்து வந்து சொல்கிற அளவுக்கு நோய் இருக்கிறது என்று அத்தை தெருவில் சொன்னதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. வாசல் தெளித்து, பாய் விரித்து, மாமா புது வேட்டியில் நின்றார். எட்டுப் பேர் வருவதாக இருந்தது. இறங்கியவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, அக்காவின் கணவர். எதிர்வீட்டு அத்தையும் தெருவைக் கடந்து வந்து சேர்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மா கையில் ஒரு வயர் கூடை. பூவும் பழமும் எடுக்கப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் அந்தக் கூடையையே பார்த்தோம். அவர் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, கூடைக்குள் கைவிட்டு எடுத்து வைத்தது நான்கு சாத்துக்குடியும் சங்கராபுரம் பேக்கரி ரொட்டிப் பாக்கெட் ஒன்றும்.

தாத்தா அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு ஒரு தட்டில் காலையில் சுட்ட ரொட்டியை நறுக்கி எடுத்துவந்து நடுவில் வைத்தாள். "சாப்டுங்க. நானே சுட்டது."

வந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. உனக்குத்தான் வேணும்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தாத்தாவின் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம வூடு வயக்காட்டு வூடு. எனக்கு முட்டி போச்சி. வர்ற பொண்ணு நின்னாத்தான் வூடு நிக்கும். பொண்ணு நல்லா தேறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அங்கே ஒரு தவறு நடப்பது எனக்குத் தெரிந்தது. அதைத் திருத்தும் தகவல்கள் அனைத்தும் என் நோட்டில் இருந்தன. "சித்திக்கு ஒண்ணும் இல்லீங்க, நேத்து கிணத்துலேந்து இருவது கொடம்" என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்றிருந்த சித்தியின் கை என் தோளில் விழுந்தது. அடிக்கவில்லை, கிள்ளவில்லை. மாவைத் தட்டும்போது அழுத்துவது போல, உள்ளங்கை முழுவதும் படிய, ஒரே சீராக அழுத்தியது. நான் வாயை மூடிக்கொண்டேன். இருபது குடம் என்பது சரியான எண்ணிக்கைதானே, அதைச் சொன்னால் சித்திக்கு நல்லதுதானே, பிறகு ஏன் அழுத்துகிறாள் என்று அன்று முழுவதும் எனக்கு விளங்கவில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஆட்டோ கிளம்பியது.

மாமா புது வேட்டியோடு முற்றத்தில் இரண்டு முறை நடந்தார். "சுட்டுட்டா. என் கல்யாணத்தையும் சேத்து சுட்டுட்டா," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். அது பொய்யாகவும் இல்லை. அந்த வீட்டுப் பெண் சீக்குக்காரி என்ற பேச்சு அடங்க நாளானது. மாமாவுக்குப் பெண் அமைய இரண்டு வருடம் ஆயிற்று.

தாத்தா பாயிலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு ரொட்டி. ஒன்று பாக்கெட்டில், ஒன்று தட்டில்.

"உனக்கு ஒடம்புக்கு ஏதாவது உண்டா?"

"இல்லப்பா."

"அப்ப எதுக்கு இது?"

"துன்னத்தான்."

தாத்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். சித்தி தலை குனியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்ததால் அது எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. பிறகு தாத்தா தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கடித்து, மெதுவாக மென்றார். அவர் அதைத் தின்றது அதுதான் முதல் முறை.

"உப்பு கம்மி," என்றார்.

எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் நோட்டோடு அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் இட்லிக் குண்டான் இருந்தது. இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். மணல் பழைய டப்பாவுக்குத் திரும்பியிருந்தது. மாவும் சோடாவும் இன்னும் இரண்டு ரொட்டிக்கு மீதி இருந்தன. மோர் எப்போதும் இருந்தது. இன்றைக்கு ரொட்டி எப்போது என்று கேட்டேன். இட்லி தின்னு என்றாள் சித்தி.

ஆனி மாதம் கல்லூரி திறந்தது. சித்தி இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் ரொட்டி சுட்டதில்லை.